மேஜையை நகர்த்தியது யார்?



போன கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் நூற்பு இலாகாத் தோழர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் தம் ஒரே மகனைப் பறிகொடுத்தவர் அவர். "செத்துப்போன பிள்ளையோடு பேச வைக்கிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து போகிறார். பணம் கேட்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். உடனே ஒரு அச்சுப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, 'இது நம்ம ஊர்க் கோடாங்கி சமாசாரம் அல்ல. சீமையில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் தராசு வைத்து நிறுத்து, போட்டோ பிடித்து, மின்சாரம் பாய்ச்சிச் சோதித்து ஒப்புக்கொண்ட விஷயம்' என்கிறார். என் சம்சாரம் அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நான் என்ன சொல்ல?" என்றார்.

அன்றைக்கு நம்மால் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 'அதெல்லாம் புரட்டு' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பவை கற்பனைப் பெயர்கள் அல்ல. குரூக்ஸ் என்று ஒருவர் இருந்தார். வாலஸ் என்று ஒருவர் இருந்தார். இருவரும் முதல்தரமான விஞ்ஞானிகள். அவர்கள் சோதித்ததும் உண்மை, ஒப்புக்கொண்டதும் உண்மை. எப்படிச் சோதித்தார்கள் என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

இந்தக் கூத்து தொடங்கியது அமெரிக்காவில். 1848 மார்ச் 31ம் தேதி இரவு, நியூயார்க் ராஜ்யத்தில் ஹைட்ஸ்வில் என்ற குக்கிராமத்தில், பாக்ஸ் என்பவரின் வீட்டில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. அந்த வீட்டில் மார்கரெட், கேட் என்று இரண்டு சிறுமிகள். அவர்கள் கேள்வி கேட்டால் சத்தம் பதில் சொன்னது. செத்தவனின் ஆவி தட்டுகிறது என்று ஊர் கூடியது. மூத்த அக்காள் லியா சிறுமிகளைப் பட்டணத்துக்கு அழைத்துப்போய், டிக்கெட் வைத்துக் காட்டத் தொடங்கினாள். 1851ல் பபலோ நகரத்து டாக்டர்கள் மூவர் அந்தப் பெண்களின் கால்களை நீட்டி, குதிகால்களை மெத்தைமேல் வைத்து உட்காரச் சொன்னார்கள். ஆவி வாயடைத்துப் போயிற்று. சத்தம் மூட்டிலிருந்து வருகிறது என்று டாக்டர்கள் எழுதினார்கள். அதை யார் கேட்டார்கள்? இரண்டே வருஷத்தில் சரக்கு கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. ஆவிக்கும் மனிதருக்கும் நடுவில் நின்று பேசித் தருபவருக்கு 'மீடியம்' என்று பெயர் வைத்தார்கள்.

சீமாட்டிகள் பொழுதுபோகாமல் ஆடிய ஆட்டம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. யார்க்‌ஷயரில் கீத்லி என்ற கம்பளி ஆலை ஊரில் 1853லேயே தொழிலாளர்கள் ஆவிக் கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். பிரிட்டனில் ஆவியுலகப் பத்திரிகை ஒன்று முதன்முதலில் வெளிவந்ததும் அந்த ஊரிலிருந்துதான். பாதிரியார் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்திய காலத்தில், செத்த குழந்தை சுகமாக இருக்கிறது என்று ஒரு குரல் சொன்னால் எந்தத் தாய்தான் காது கொடுக்க மாட்டாள்?

இன்னொரு பெயரையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ராபர்ட் ஓவன். நியூ லானார்க் ஆலையில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு எடுக்க மறுத்து, அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர்; கூட்டுறவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஆரம்ப நாட்களில் தோள் கொடுத்தவர். வாழ்நாளெல்லாம் மதங்களை எதிர்த்துப் பேசிய அந்தக் கிழவர், 1853ல், எண்பது வயது தாண்டிய பிறகு, ஹேடன் என்ற அமெரிக்க மீடியம் அம்மாளிடம் உட்கார்ந்து எழுந்து, ஆவி உண்டு என்று அறிவித்தார். அவர் நம்மவர். அதனால்தான் சொல்கிறோம்: நல்ல மனசு இருந்தால் ஏமாறமாட்டோம் என்பது கிடையாது.

அந்த அம்மாள் என்ன செய்தாள்? எழுத்துக்கள் அச்சடித்த அட்டையைக் கையில் கொடுப்பாள். வந்தவர் பென்சிலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டு போகவேண்டும். சரியான எழுத்து வந்ததும் 'டக்'கென்று சத்தம் கேட்கும். அதே 1853ல் லூயிஸ் என்ற பத்திரிகை எழுத்தாளர் போனார். தாம் நினைத்த எழுத்து வரும்போது நம் கை நம்மையறியாமல் கொஞ்சம் தயங்கும், அந்தத் தயக்கத்தைப் பார்த்துத்தான் சத்தம் வருகிறது என்று அவருக்குச் சந்தேகம். வேண்டுமென்றே கண்ட கண்ட எழுத்தில் தயங்கினார். ஆவி கண்டபடி உளறியது. கடைசியாக ஒரு காகிதத்தில், 'இந்த ஹேடன் அம்மாள் மோசக்காரிதானே?' என்று அவளுக்குத் தெரியாமல் எழுதிவைத்து, ஆவியின் பதிலைக் கேட்டார். ஆமாம் என்று ஆவி அடித்துச் சொல்லியது!

இனி நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மைக்கேல் பாரடே. கொல்லன் மகன். பதினாலு வயதில் புத்தகம் பைண்டு செய்யும் பட்டறையில் தொழில் பழகப் போனவன். பைண்டுக்கு வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே விஞ்ஞானம் கற்றான். இன்றைக்கு நம் ஆலையில் ஓடும் மோட்டாருக்கும், கரண்டு உற்பத்தியாகும் டைனமோவுக்கும் மூலம் அவர் கண்டுபிடிப்புகள்தான்.

1853ல் இங்கிலாந்து முழுவதும் மேஜை சுழற்றும் பைத்தியம் பிடித்தது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கைகளை அதன்மேல் மெதுவாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் மேஜை அசையும், சுழலும், அறையைச் சுற்றி நகரும். நாங்கள் தள்ளவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். சிலர் ஆவி என்றார்கள். சிலர் மின்சாரம் என்றார்கள். மின்சாரம் என்றால் பாரடேயிடம்தானே கேட்கவேண்டும்? கடிதம் மேல் கடிதம் வந்து குவிந்தது.

பாரடே யாரையும் 'நீ பொய்யன்' என்று சொல்லவில்லை. மேஜையை நகர்த்துவதில் கைதேர்ந்தவர்கள், நாணயமானவர்கள் என்று பெயரெடுத்தவர்களையே தேடி அழைத்தார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். கை மேஜையை இழுக்கிறதா, மேஜை கையை இழுக்கிறதா? மாடு வண்டியை இழுக்கிறதா, வண்டி மாட்டைத் தள்ளுகிறதா என்று கேட்பது மாதிரி. எது முதலில் நகர்ந்தது என்று தெரிந்துவிட்டால் போதும்.

இதற்கு அவர் செய்த கருவியைக் கேளுங்கள். வழவழப்பான அட்டைகள் நாலைந்து. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மெழுகும் டர்பன்டைனும் கலந்த மெத்தென்ற பசை உருண்டைகளை வைத்தார். கெட்டியாகவும் ஒட்டாது, சுலபமாக நழுவியும் விடாது. அடி அட்டை மேஜையோடு பதிந்திருக்கும். மேல் அட்டையில் கை இருக்கும். அட்டைகளின் பழைய இடம் தெரிய பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். மேஜை தானாக நகர்ந்து கையை இழுத்தால் அடி அட்டை முன்னே போயிருக்கும், மேல் அட்டை பின்தங்கும். கை முதலில் தள்ளினால் மேல் அட்டை முன்னே போகும்.

மேஜை நகர்ந்தது. அட்டைகளை எடுத்துப் பார்த்தார். மேல் அட்டைதான் அதிகம் நகர்ந்திருந்தது. மேஜை எல்லாவற்றுக்கும் பின்னால் வந்திருந்தது.

அதோடு அவர் விடவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவில் கண்ணாடி உருளைகளை வைத்து, ரப்பர் வளையம் மாட்டி, மேல் பலகை இம்மி நகர்ந்தாலும் காட்டிக்கொடுக்கும்படி வைக்கோல் ஈர்க்கு மாதிரி ஒரு முள்ளை நிறுத்தினார். உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படாமல் முள்ளை மறைத்து வைத்தால் மேஜை நகர்ந்தது. முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். 'பக்கவாட்டில் தள்ளினால் முள் சாயும், பார்த்துக்கொள்ளுங்கள்' என்றார். அவ்வளவுதான். மேஜை அசையவில்லை! தங்கள் கை தள்ளுகிறது என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் நின்றுபோயிற்று.

இதை 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார்; 1853 ஜூன் 30ம் தேதி அது அச்சில் வந்தது. இதிலே கவனிக்க வேண்டியது, அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யாரும் புரட்டர்கள் அல்ல. 'நான் தள்ளவில்லை' என்று அவர்கள் சொன்னது மனமறிந்த பொய் அல்ல. இன்னொன்றும் உண்டு. பாரடே தீவிரமான கிறிஸ்தவ பக்தர். தம் சபையில் மூப்பராக இருந்தவர். அவர் கடவுளை நம்பினாரா இல்லையா என்று அந்தப் பசை உருண்டை கேட்கவில்லை.

இப்போது குரூக்ஸ். 1861ல் தாலியம் என்ற புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தவர். அவர் அமைத்த காற்றகற்றிய கண்ணாடிக் குழாய்களின் வழியில்தான் பின்னால் எக்ஸ்ரே வந்தது, எலெக்ட்ரான் தெரிந்தது. இவ்வளவு பெரிய மூளை எங்கே சறுக்கியது? 1867ல் அவருடைய இளைய தம்பி பிலிப், கடலடித் தந்திக் கம்பி பதிக்கும் கப்பலில் வேலைக்குப் போன இடத்தில் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனான். அதன் பிறகுதான் குரூக்ஸ் மீடியங்களிடம் போகத் தொடங்கினார். நம் தோழர் வீட்டு நிலைமைதான்.

1871ல் அவர் ஹோம் என்ற பிரபல மீடியத்தைத் தம் வீட்டில் வைத்துச் சோதித்தார். இந்த ஹோம் சாதாரண ஆசாமி அல்ல. ஒரு பணக்கார விதவையின் புருஷன் ஆவியாக வந்து 'இவனைப் பிள்ளையாக ஏற்றுக்கொள்' என்று சொன்னதன் பேரில், அந்த அம்மாள் அறுபதாயிரம் பவுன் வரை அவனுக்கு எழுதிக் கொடுத்தாள். 1868ல் கோர்ட்டு அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. குரூக்ஸ் ஒரு பலகையின் ஒரு முனையை மேஜையிலும், மறுமுனையை வில் தராசிலும் தொங்கவிட்டார். ஹோம் மேஜைப் பக்கத்து முனையில் விரலை லேசாக வைத்தான். தராசு முள் இறங்கியது. கூண்டுக்குள் வைத்த துருத்தி வாத்தியம் இசைத்தது. புதிய சக்தி ஒன்றைக் கண்டேன் என்று குரூக்ஸ் எழுதினார். ராயல் சொசைட்டி அதைப் பிரசுரிக்க மறுத்தது.

தராசு பொய் சொல்லாது என்பார்கள். சரி. ஆனால் தராசு எடையைத்தான் காட்டும். எடையை உண்டாக்கியது யார் என்று காட்டாது. பாரடேயின் முள் 'யார்' என்பதைக் காட்டும்படி கட்டப்பட்டது. குரூக்ஸின் தராசு 'எவ்வளவு' என்பதைக் காட்டியது. இதுதான் வித்தியாசம். ஹோமை யாரும் பகிரங்கமாகக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் எந்த இரவில் வித்தை நடக்கும், எப்போது நடக்காது என்பதெல்லாம் அவன் இஷ்டப்படிதான். சோதனைக்கு உட்பட்டவனே சோதனைச் சாலைக்கு எஜமானன்!

அடுத்து வந்தாள் பிளாரன்ஸ் குக் என்ற இளம்பெண். அவளைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். சற்று நேரத்தில் வெள்ளுடை உடுத்திய 'கேட்டி கிங்' என்ற ஆவி நடந்து வெளியே வரும். கை கொடுக்கும், பேசும். 1874ல் குரூக்ஸ் மின்விளக்கு வெளிச்சத்தில் அதைப் போட்டோ பிடித்தார். வார்லி என்ற தந்தி எஞ்சினீயர் குக்கின் உடலில் லேசான மின்சாரம் பாய்ச்சி, அவள் கம்பியைக் கழற்றினால் முள் காட்டிக்கொடுக்கும் என்றார். ஆனால் அதே கரண்டைத் தாங்கும் ஈரத்துணியோ வேறு பொருளோ நடுவில் வைத்து ஏமாற்ற முடியும் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தனை நுட்பமான கருவிகளில் எதுவும் செய்யாத காரியத்தை 1880 ஜனவரியில் சிட்வெல் என்ற இளைஞர் செய்தார். வெளியே வந்த 'ஆவி'யின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். உள்ளுடையோடு கையில் அகப்பட்டது சாட்சாத் பிளாரன்ஸ் குக்! அப்போது அந்த ஆவியின் பெயர் 'மேரி'. குரூக்ஸ் கடைசி வரை தாம் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. 1913ல் ராயல் சொசைட்டிக்கே தலைவரானார்.

வாலஸ் கதை நம் மனசுக்கு இன்னும் கஷ்டமானது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். காடு மேடெல்லாம் அலைந்து, டார்வினைப் போலவே பரிணாமத்தின் இரகசியத்தைத் தாமே கண்டவர். நிலத்தைப் பொதுவாக்க வேண்டும் என்று போராடியவர். அவர் ஆவியுலகத்தில் விழுந்தது எப்படி என்பதை எங்கெல்ஸ் 1878ல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அது அவர் மறைந்த பிறகு 1898ல்தான் அச்சேறியது.

ஸ்பென்ஸர் ஹால் என்று ஒருவன் ஊர் ஊராகப் போய் மனிதரை மயங்க வைத்து, மண்டையில் ஓர் இடத்தைத் தொட்டால் பக்தி வரும், இன்னோர் இடத்தைத் தொட்டால் சண்டைக்குணம் வரும் என்று காட்டிக்கொண்டிருந்தான். 1844 வாக்கில் லெஸ்டர் நகரத்தில் வாத்தியாராக இருந்த வாலஸ் அதைப் பார்த்து நம்பினார். அதே சமயத்தில் பஞ்சாலை நகரமான மான்செஸ்டரில் இருந்த எங்கெல்ஸும் அதே ஆளைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, ஒரு நண்பரோடு சேர்ந்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை மயங்க வைத்துத் தாமே செய்து பார்த்தார். பையனுக்கு முன்கூட்டி ஏதாவது குறிப்புக் கிடைத்தால்தான் அந்தந்தக் குணம் வந்தது. அப்படியானால் மண்டைதான் எதற்கு? குடிவெறிக்கு உரிய இடம் கால் கட்டைவிரல் என்று பையனுக்குச் சொல்லிவைத்தார்கள். கட்டைவிரலைத் தொட்டதும் பையன் குடிகாரனாக ஆடினான்! ஒரே ஆள், ஒரே வித்தை. ஒருவர் பார்த்து நம்பினார். மற்றவர் தவறான இடத்தையும் தொட்டுப் பார்த்தார். கண்ணால் கண்டதை மட்டும் குவித்து வைத்துக்கொண்டு, சிந்தனையை ஏளனம் செய்கிற விஞ்ஞானி கடைசியில் ஆவி மேஜைக்குத்தான் வந்து சேருவான் என்பது எங்கெல்ஸின் முடிவு.

1876ல் ஸ்லேடு என்ற அமெரிக்கன் லண்டனில் ஆளுக்கு ஒரு பவுன் வாங்கிக்கொண்டு, ஆவியைச் சிலேட்டில் எழுதவைத்தான். லங்கெஸ்டர் என்ற இளம் விலங்கியல் பேராசிரியர், பின்னாளில் மார்க்ஸின் நண்பரானவர், ஆவி எழுதத் தொடங்கும் முன்பே சிலேட்டைப் பிடுங்கினார். பதில் ஏற்கெனவே எழுதியிருந்தது! வழக்குப் போட்டார். வழக்குச் செலவுக்கு டார்வின் பத்துப் பவுன் கொடுத்தார். எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்ல வந்தவர் வாலஸ். நாடோடிகளைத் தண்டிக்கும் சட்டத்தின்கீழ் மூன்று மாதம் கடுங்காவல் என்று தீர்ப்பு. பிச்சைக்காரனை அடைப்பதற்காகப் போட்ட சட்டம் ஒரு முறையாவது பவுன் வாங்கியவன்மேல் பாய்ந்ததே என்று பார்த்தால், குற்றப்பத்திரத்தில் நாலு வார்த்தை விட்டுப்போனது என்று அப்பீலில் தப்பிவிட்டான். ஜெர்மனிக்குப் போய் லைப்ஸிக்கில் ஸோல்னர் என்ற வானநூல் பேராசிரியரை ஏமாற்றினான்.

1882ல் லண்டனில் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சிச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் செய்தவற்றில் நமக்கு மிகவும் பிடித்தது டேவி என்ற இளைஞர் செய்தது. அவர் சிலேட்டு வித்தையை இரகசியமாகப் பழகிக்கொண்டு, படித்தவர்களை அழைத்துச் செய்துகாட்டினார். வித்தை முடிந்ததும், கண்டதைக் கண்டபடி எழுதச் சொன்னார். 'சிலேட்டு ஒரு கணமும் எங்கள் பார்வையை விட்டு அகலவில்லை' என்கிற மாதிரி எழுதினார்கள். அகன்றிருந்தது! சிலேட்டு மாறிய நேரத்தை அவர்கள் கவனிக்கவே இல்லை, கவனித்தவர்களும் மறந்துபோனார்கள். 1887ல் இது அச்சில் வந்தது. 'கண்ணால் பார்த்தேன்' என்ற சாட்சியத்தின் அடிமரத்திலேயே விழுந்த வெட்டு அது. வாலஸ் என்ன சொன்னார் தெரியுமா? செய்த விதத்தை விளக்காவிட்டால் டேவியையும் மீடியம் என்றே எண்ணவேண்டும் என்றார்.

அதே சங்கம்தான் 1884 கடைசியில் ஹாட்ஜ்ஸன் என்பவரைச் சென்னைக்கு அனுப்பியது. அடையாற்றில் பிரம்மஞான சபையின் மாளிகையில் பிளாவட்ஸ்கி அம்மையார், இமயமலை மகாத்மாக்களின் கடிதங்கள் ஒரு பேழைக்குள் தாமாக வந்து விழுவதாகக் காட்டிவந்தார். அந்தப் பேழை மாட்டியிருந்த சுவருக்கு அப்புறம் அம்மையாரின் படுக்கையறை. ஹாட்ஜ்ஸன் வருவதற்குள் பேழை கொளுத்தப்பட்டுவிட்டது. சுவரையும், பலகையையும், கையெழுத்தையும் ஆராய்ந்து, இது திட்டமிட்ட மோசடி என்று 1885ல் அறிக்கை கொடுத்தார். நியாயமாகச் சொன்னால் அந்த அறிக்கையிலும் ஓட்டை உண்டு. முக்கிய சாட்சிகளான கூலோம் தம்பதிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள். கையெழுத்துச் சாட்சியம் பலமற்றது என்று 1986ல் அதே சங்கத்தின் பத்திரிகையிலேயே ஒரு நிபுணர் எழுதினார்.

அந்த அறிக்கையைப் படித்துவிட்டும் ஒருவர் அடையாறு சபையில் சேர்ந்தார். அன்னி பெஸண்ட். 1888ல் லண்டன் தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றபோது, எழுதியும் நிதி திரட்டியும் அவர்களுக்குத் துணை நின்றவர். மறு வருஷமே பிளாவட்ஸ்கியின் சிஷ்யை. அறிக்கை எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், நம்ப விரும்புகிற மனசை அது ஒன்றும் செய்யமுடியாது போலிருக்கிறது.

அந்தப் பாக்ஸ் சிறுமிகள் என்ன ஆனார்கள்? அதே 1888ல், அக்டோபர் 21ம் தேதி, நியூயார்க்கில் ஒரு பெரிய அரங்கில் மார்கரெட் மேடையேறினாள். காலணியைக் கழற்றிவிட்டு ஒரு சிறு மரப்பலகைமேல் காலை வைத்தாள். 'டக் டக்' சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. கூட்டத்திலிருந்து டாக்டர்கள் மேடைக்கு வந்து, சத்தம் கால் கட்டைவிரல் மூட்டிலிருந்து வருவதை உறுதி செய்தார்கள். நாற்பது வருஷம் உலகத்தை ஆட்டிய ஆவி அதுதான். மறு வருஷம் அந்த ஒப்புதலையும் மறுத்துச் சொன்னாள். கையில் காசில்லை, வேறு பிழைப்பும் தெரியாது. கேட் 1892லும் மார்கரெட் 1893லும் வறுமையில் செத்தார்கள். அவர்கள் விரலை நொடிக்கக் கற்றபோது குழந்தைகள். டிக்கெட் விற்றது அவர்கள் அல்ல.

தோழரே, உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் சண்டை போடவேண்டாம். உங்கள் சம்சாரத்திடம் புத்தகத்தைப் பிடுங்கவும் வேண்டாம். வழவழப்பான அட்டை நாலு, கொஞ்சம் மெழுகு, டர்பன்டைன், ஒரு பென்சில். வருகிற ஞாயிற்றுக்கிழமை, இரவு ஷிப்டுக்காரர்கள் தூங்கி எழுந்த பிறகு, நாலு மணிக்குச் சங்க ஆபீஸில் கூடுவோம். அங்கே ஒரு சின்ன வட்ட மேஜை இருக்கிறது; ஒரு கால் கொஞ்சம் ஆடும், அதைச் சரி செய்துவிடலாம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவரே அட்டையை அடுக்கட்டும். கோடும் அவரே போடட்டும்.